ரபியின் தீர்ப்பும் ரபியின் பேச்சும்

இஸ்ரேலையோ காஸாவையோ பற்றிய செய்திகளில் ‘ரபி ஒருவர் இப்படிச் சொன்னார்’ என்ற வரி அடிக்கடி வருகிறது. படிக்கிறவர் அதை யூதர்கள் எல்லோருடைய நிலைப்பாடாக எடுத்துக்கொள்கிறார். மறுநாள் இன்னொரு ரபி நேர் எதிராகப் பேசியதாகச் செய்தி வந்தால், அரசியலுக்கு மதம் ஒரு சாக்கு என்று முடிவு கட்டிவிடுகிறார். இரண்டுமே அவசர முடிவுகள். கத்தோலிக்கர்களுக்குப் போப் இருப்பதுபோல யூதர்களுக்கு ஒற்றைத் தலைமை கிடையாது. ரபி பூசாரியும் அல்ல. அவர் நூல் கற்றவர், கற்பிக்கிறவர், கேட்ட கேள்விக்குச் சட்டம் பார்த்துப் பதில் சொல்கிறவர். அவர் சொல்லை எத்தனை பேர் ஏற்கிறார்கள், அவர் காட்டும் காரணம் எவ்வளவு வலுவானது என்பதைப் பொறுத்தே அதற்கு மதிப்பு. அதனால் அவர் என்ன சொன்னார் என்பதோடு, எந்த வழியில் அந்த முடிவுக்கு வந்தார் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஓவாடியா யோசெஃபைவிடப் பொருத்தமான ஆளை என்னால் நினைக்க முடியவில்லை. 1920-ல் பாக்தாத்தில் பிறந்து, சிறுவயதிலேயே எருசலேமுக்கு வந்தவர். 1973 முதல் 1983 வரை இஸ்ரேலில் செஃபார்டி (ஸ்பானிய, மத்தியகிழக்கு மரபு) யூதர்களின் தலைமை ரபியாக இருந்தார். எத்தியோப்பியாவின் பேட்டா இஸ்ரேல் மக்கள் யூதர்களே என்று 1973-ல் அவர் எழுதியது, அவர்கள் இஸ்ரேலில் குடியேற வழி திறந்தது. கணவன் இறந்தான் என்று உறுதியாகத் தெரியாத பெண் மறுமணம் செய்துகொள்ள யூதச் சட்டம் இடம் தராது. 1973 போரில் காணாமல்போன வீரர்களின் மனைவியர் அந்த நிலையில்தான் நின்றார்கள். ஒவ்வொரு வழக்காகச் சான்றுகளை ஆராய்ந்து அவர்களை விடுவித்த முயற்சியை நடத்தியவர் அவர். 2013 அக்டோபரில் அவர் இறந்தபோது எருசலேம் தெருக்களில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள்.

1979-ல் எகிப்தோடு இஸ்ரேல் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டது. 1967-ல் பிடித்த சினாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்படியானால் அதே போரில் பிடித்த மேற்குக் கரையையும் நாளை கொடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. இறைவன் கொடுத்ததாக நம்பும் நிலத்தை விட்டுக்கொடுக்க யூதச் சட்டம் அனுமதிக்குமா? அதே ஆண்டில் ஓவாடியா யோசெஃப் தந்த பதில்: உண்மையான சமாதானம் கிடைத்து உயிர்கள் காக்கப்படும் என்றால், அனுமதிக்கும்.

உயிரைக் காக்க எந்தக் கட்டளையையும் மீறலாம் என்பது யூதச் சட்டத்தின் பழைய விதி. சிலை வழிபாடு, முறைகெட்ட உறவு, கொலை ஆகிய மூன்றை மட்டும் உயிரே போனாலும் செய்யக் கூடாது. நிலத்தை விட்டுக்கொடுப்பது அந்த மூன்றில் இல்லை. சரி, விட்டுக்கொடுத்தால் உயிர் காக்கப்படுமா என்பதை யார் சொல்வது? இங்கேதான் அவருடைய வாதம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அதை ரபி சொல்ல முடியாது என்றார் அவர். யோம் கிப்பூர் நோன்பன்று ஒரு நோயாளி சாப்பிடலாமா என்று ரபியிடம் கேட்டால், ரபி மருத்துவரைக் கேட்பார். மருத்துவர்கள் இருவிதமாகச் சொன்னால், நோயாளிக்கு உணவு கொடுக்க வேண்டும் என்பதே சட்டம். உயிர் விஷயத்தில் சந்தேகம் வந்தாலும் உயிரின் பக்கமே சாய வேண்டும். அதேபோல நில விஷயத்தில் தளபதிகளும் அரசியல் வல்லுநர்களும்தான் மருத்துவர்கள். அவர்கள் ஆபத்து எந்தப் பக்கம் என்று சொல்லட்டும், அதன்மேல் ரபி சட்டம் சொல்வார்.

எதிர்த்தவர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். எருசலேமின் ரபி ட்ஸ்வி யெஹூதா கூக்கும் அவருடைய மாணவர்களும் 13-ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் நாக்மனிடிஸைக் காட்டினார்கள். நிலத்தை வசமாக்கி அதில் வாழ்வது எக்காலத்துக்குமான கட்டளை என்பது நாக்மனிடிஸின் கருத்து. அதற்காகப் போரிடுவதும் கட்டளையில் அடங்கும் என்றால், போர் என்பதே உயிரைப் பணயம் வைப்பதுதானே, அங்கே உயிர்காப்பு விதி எப்படிக் குறுக்கே வரும் என்பது இந்தத் தரப்பின் கேள்வி. நியூயார்க்கில் இருந்த, லுபாவிச் என்ற யூத இயக்கத்தின் தலைவரான ரபி மெனாக்கெம் மெண்டல் ஷ்னீர்சன் வேறு வழியில் வந்தார். உயிர்காப்பு விதியையே அவரும் எடுத்துக்கொண்டார். எல்லையோர ஊரை எதிரி முற்றுகையிட்டால், வைக்கோலுக்காக வந்திருந்தாலும், ஓய்வுநாளிலும் ஆயுதம் எடுத்து எதிர்க்க வேண்டும் என்று சட்ட நூல் சொல்கிறது. எல்லையை விட்டால் நாடே திறந்துபோகும் என்பது காரணம். ஆகவே நிலத்தைக் கொடுப்பதுதான் உயிருக்கு ஆபத்து என்றார் அவர். இருவருக்கும் விதி ஒன்றே, வல்லுநரைக் கேட்க வேண்டும் என்பதும் ஒன்றே, முடிவுதான் நேர் எதிர்.

ஓவாடியா யோசெஃபும் ஒரே இடத்தில் நின்றுவிடவில்லை. 1993-ல் பாலஸ்தீனர்களுடனான ஆஸ்லோ உடன்பாடு நாடாளுமன்றத்துக்கு வந்தபோது அவர் வழிநடத்திய ஷாஸ் கட்சி எதிர்த்து வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. ஆனால் 2005-ல் காஸாவிலிருந்து இஸ்ரேல் தன்னிச்சையாக வெளியேறியதை அவர் எதிர்த்தார். தான் சொன்னது உண்மையான சமாதானத்துக்குத்தான், கைக்கு எதுவும் வராமல் வெளியேறுவதற்கு அல்ல என்பது அவர் விளக்கம். இதைச் சந்தர்ப்பவாதம் என்று நான் சொல்ல மாட்டேன். நிபந்தனையோடு வந்த தீர்ப்பு நிபந்தனை மாறும்போது மாறத்தான் செய்யும். எனக்குள்ள மனக்குறை வேறு. அந்த நிலத்தில் தலைமுறைகளாக வாழும் பாலஸ்தீனர்களின் உரிமை இந்த வாதத்தின் மையத்தில் எங்கும் இல்லை. யூத உயிரைக் கணக்கில் வைத்தே கேள்வி கேட்கப்பட்டது, அதற்கே பதிலும் வந்தது.

இனி பேச்சுக்கு வருவோம். சனிக்கிழமை இரவுகளில் அவர் சொற்பொழிவு ஆற்றுவார். அது செயற்கைக்கோள் வழியே பல ஊர்களுக்கும் போகும். கூட்டத்தோடு பேச்சுமொழியில் உரையாடும் அந்த மேடையில்தான், 2000-ல், நாஜிகள் கொன்ற யூதர்கள் முற்பிறவிப் பாவிகளின் மறுபிறவி என்று சொல்லி இஸ்ரேலையே கொதிக்கவைத்தார். 2010-ல் பாலஸ்தீனத் தலைவர் மஹ்மூத் அப்பாஸும் பாலஸ்தீனர்களும் அழிந்துபோக வேண்டும் என்று சபித்தார். அமெரிக்க வெளியுறவுத் துறை அதைக் கண்டித்தது. உலகச் செய்திகளில் அதிகம் இடம்பெற்றதும் இந்த முகம்தான். எழுதிய தீர்ப்பும் மேடைப் பேச்சும் ஒரே எடை உள்ளவை அல்ல. தீர்ப்புக்கு முந்தைய நூல்களின் சான்று வேண்டும், எதிர்வாதத்துக்குப் பதில் வேண்டும், மற்ற ரபிகள் அதைப் பிரித்து ஆராய்வார்கள். பேச்சுக்கு அந்தக் கடிவாளம் இல்லை. அதற்காகப் பேச்சைக் கண்டுகொள்ளாமல் விடவும் கூடாது. ஒரு மக்கள் கூட்டமே அழியட்டும் என்று மதிப்புக்குரிய முதியவர் ஒருவர் சொன்னால், அது கேட்பவர்கள் மனதில் தங்கும்.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கியதற்குப் பிறகு ரபிகள் முன் நின்ற பெரிய கேள்வி பிணைக்கைதிகளைப் பற்றியது. அன்று சுமார் 250 பேர் காஸாவுக்குப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்களை மீட்க, கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களை விடுவிக்கலாமா? சிறைப்பட்டவரை மீட்பதைவிடப் பெரிய அறம் இல்லை என்று 12-ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் எழுதினார். ஆனால் அதற்கும் முந்திய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, அளவுக்கு மீறிய விலை கொடுத்து மீட்கக் கூடாது என்கிறது. கொடுத்தால் கடத்தல் பெருகும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. 1976-ல் ஒரு விமானம் கடத்தப்பட்டு உகாண்டாவின் என்டெபேக்குக் கொண்டுபோகப்பட்டபோதும் ஓவாடியா யோசெஃபிடம் இதே கேள்வி வந்தது. பிணைக்கைதிகளுக்கு உள்ள ஆபத்து இப்போதே உறுதியானது, விடுதலையாகிறவர்களால் வரக்கூடிய ஆபத்து பிற்கால ஐயம், ஆகவே பரிமாற்றம் செய்யலாம் என்பது அவர் முடிவு.

அந்த ஐயம் உண்மையாகவும் முடியலாம் என்பதற்கு எதிர்த்தரப்பு ரபிகள் ஒரு பெயரைக் காட்டுகிறார்கள். 2011-ல், ஹமாஸ் பிடித்து வைத்திருந்த கிலாத் ஷலீட் என்ற ஒரே வீரருக்காக விடுவிக்கப்பட்ட 1,027 கைதிகளில், பின்னாளில் அக்டோபர் 7 தாக்குதலைத் திட்டமிட்ட யாஹ்யா சின்வாரும் ஒருவர். அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனாலும் பரிமாற்றத்தை ஆதரித்த ரபிகளின் பக்கமே நான் நிற்கிறேன். மிஷ்னா அந்த வரம்பை வைத்தபோது யூதர்களுக்குப் படையும் இல்லை, எல்லைக் காவலும் இல்லை. விலையைக் குறைப்பது ஒன்றே அவர்களிடம் இருந்த தற்காப்பு. இன்றைய அரசுக்கு அடுத்த தாக்குதலைத் தடுக்கப் பல வழிகள் உண்டு. காஸாவின் சுரங்கங்களுக்குள் கிடந்த பிணைக்கைதிகளுக்கு வேறு வழி இல்லை.