இலச்சினை ஓவியமும் தமிழ் எழுத்துருவும்: வல்லம் கல்வெட்டை முன்வைத்து

ஊரப்பாக்கம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள கல்வி நிறுவனங்கள், விடுதிகள், மனைவணிக நிறுவனங்கள் ஆகியவற்றின் இலச்சினைகளில் கடற்கரைக் கோயிலோ ஐந்து இரதங்களுள் ஒன்றோ கோட்டோவியமாக இடம்பெறுவது பெருவழக்கு. ஓவியத்திற்குக் கிட்டும் கவனம் அதன்கீழ் அமையும் தமிழ்ப் பெயருக்குக் கிட்டுவதில்லை. உரோமன் எழுத்தில் பெயர் முதலில் முடிவாகிறது. அதன் உயரத்திற்குள் தமிழ் பின்னர் அடக்கப்படுகிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு இல்லாத தமிழுக்கு அவ்வளவு பொருந்துவதன்று. 'ண', 'ஞ' ஆகியன அகலம் வேண்டுவன; 'மு', 'கூ' முதலியன கீழிறங்குவன. கோடு தடித்தால் 'ண'கரத்தின் சுழிகள் அடைபட்டுப் போகின்றன.

இக்குறையை உணர்ந்தோர் சிலர் நேர்மாறான எல்லைக்குச் சென்று, தொன்மை தோன்றக் கிரந்தச் சாயலில் தமிழை வளைக்கின்றனர். இதனை ஏற்பதற்கில்லை. தருமராச இரதத்தில் அரசப் பட்டப்பெயர்கள் எளிய வடிவிலும், கணேச இரதத்துப் பாடல்கள் அணிமிக்க வடிவிலும் பொறிக்கப்பெற்றுள்ளன. எனினும் இரண்டும் வடமொழி எழுதிய கிரந்தமே. சாளுவன்குப்பத்து அதிரணசண்டன் குடைவரையில் அடிப்படையில் ஒரே வடமொழிப் பனுவல் தென்சுவரில் கிரந்தத்திலும் வடசுவரில் நாகரியிலும் உள்ளது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனிச் சுவர்! இருமொழி இலச்சினை வரைவோர் ஒருமுறை நின்று காணத்தக்க இடம் அது.

பல்லவர் காலத் தமிழெழுத்தே வேண்டுமெனில் செங்கற்பட்டை அடுத்த வல்லம் குடைவரைக்குச் செல்லவேண்டும். முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில், கந்தசேனன் எடுப்பித்த அக்கோயிலில் தமிழ்மொழியில் தமிழெழுத்தாலான கல்வெட்டு உள்ளது. ஏழாம் நூற்றாண்டு வடிவங்களை அப்படியே பெயர்ப்பலகையில் ஏற்றுக என்பது என் கருத்தன்று. இன்றைய வாசகர் அவற்றைப் படிக்க இயலாது. நெடுங்கோட்டிற்கும் வளைவிற்கும் உள்ள விகிதம், உளி திரும்பும் இடம், எழுத்துகளுக்கிடையே விடும் வெளி ஆகியவையே கொள்ளத்தக்கன. கல்லில் செதுக்கிய உருவை ஒரே தடிமனுள்ள கோட்டால் வரையும் ஓவியத்திற்கு இவ்விகிதங்களில் பிறக்கும் எழுத்துரு இயல்பாகவே இணங்கும்.

இவ்விகிதங்களை அளந்து தருதல் எழுத்துரு வரைவாளர் தனித்துச் செய்யக்கூடிய பணியன்று. கல்வெட்டியலைப் பாடமாகக் கொண்ட தமிழ்த்துறைகள் வல்லத்து மைப்படியை எழுத்து எழுத்தாக அளந்து, இன்றைய வடிவங்களோடு ஒப்பிட்டு வெளியிடல் வேண்டும். முதுகலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டிற்கு இது போதிய பொருளாகும்.