68 கிலோ சொன்ன பொய்

என் அக்கா நான்கு மாதம் விடாமல் நடந்தாள். விடிகாலை ஐந்தரைக்குப் பார்க்கில் எட்டுச் சுற்று. வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் இருபது முறை உட்கார்ந்து எழுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எடை மெஷினில் ஏறிப் பார்த்தாள். ஆரம்பித்த அன்று 68 கிலோ, அன்றைக்கும் 68. மறுநாள் அலாரம் அடித்து ஓய்ந்தது, அவள் எழுந்திருக்கவில்லை. "எதுக்குடா இந்தப் பாடு? ஒரு கிலோகூட இறங்கல."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த நான்கு மாதத்தில் நடந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். எங்கள் வீடு மூன்றாவது மாடியில். முன்பெல்லாம் இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நிற்பாள். இப்போது காய்கறிப் பையோடு நிற்காமல் ஏறி வருகிறாள். பாவாடை நாடாவை இரண்டு விரற்கடை கூடுதலாக இழுத்துக் கட்டுகிறாள். இதையெல்லாம் ஒரு மெஷின் இல்லையென்று சொன்னதும் அவளும் நம்பிவிட்டாள்.

எடை இறங்கினால்தான் உடற்பயிற்சி பலித்தது என்ற இந்த எண்ணம் தவறு, கெடுதலும்கூட. பயிற்சியைப் பாதியில் கைவிட்டவர்களைக் கேளுங்கள், பலரும் இதே காரணத்தைச் சொல்வார்கள். ஒரு தலைமுறைக்கு முன் "என்ன இப்படி இளைச்சுட்டே?" என்று கேட்டால் கவலை. இன்று அதே கேள்வி பாராட்டு. உடம்பை எடையால் எடைபோடும் பழக்கம் மட்டும் மாறவே இல்லை.

மெஷின் காட்டுவது வெறும் கூட்டுத்தொகை. எலும்பு, தசை, கொழுப்பு, தண்ணீர், நேற்றைய சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். கொழுப்பு கொஞ்சம் கரைந்து தசை கொஞ்சம் ஏறினால் தொகை அப்படியே நிற்கும். சோற்றைக் குறைத்த முதல் வாரத்தில் சரசரவென்று இறங்குவது பெரும்பாலும் தண்ணீர்தான். உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜனின் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது செலவானால் தண்ணீரும் போய்விடும். பட்டினி கிடந்து இறக்கும் கிலோவில் தசையும் சேர்ந்து போகிறது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அது பெரிய நஷ்டம்.

2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யுட்கின். உயரத்துக்கும் எடைக்குமான கணக்கான பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே: 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் நம் உடம்புக்குள் எவ்வளவு கொழுப்பு ஒளிந்திருக்கும் என்பதை அந்தப் படம் காட்டியது. "எடை சரியாத்தான் இருக்கு" என்று நிம்மதியாக இருந்தவர்களுக்குச் சர்க்கரை வந்தால் நாம் ஏன் இன்னும் ஆச்சரியப்படுகிறோம்?

அளக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தையல் பெட்டியில் கிடக்கும் டேப் போதும். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 சென்டிமீட்டரையும் பெண்களில் 80ஐயும் தாண்டினால் எச்சரிக்கை. காலையில் படுக்கையிலேயே நாடி பாருங்கள். மாதங்கள் போகப் போக அது நிதானமாகிறதா என்று கவனியுங்கள். கைப்பிடி வலுவும் பேசும். 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், மரண அபாயத்தை மேல் ரத்த அழுத்தத்தைவிடப் பிடியின் வலுவே நன்றாகக் காட்டியது.

இதயம் பலவீனமானவர்களைத் தினமும் எடை பார்க்கச் சொல்வார்கள். உடம்பில் நீர் கோக்கிறதா என்று தெரிய அது அவசியம். வளரும் குழந்தைக்கும் எடை பார்க்கத்தான் வேண்டும். மிகை எடை முழங்காலுக்குச் சுமை என்பதும் உண்மை. அதற்காக நாலு மாத உழைப்புக்கு அந்த ஒற்றை எண்ணைத் தீர்ப்பாக்குவது அநியாயம்.

மெஷினைப் பரணில் ஏற்றிவிட்டேன். அக்காவிடம் மாடிப்படியையும் பாவாடை நாடாவையும் சொல்லிச் சொல்லி மறுபடி நடக்க வைக்க இரண்டு வாரம் ஆனது. போன வெள்ளிக்கிழமை கோயில் அன்னதானத்தில் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டாள். இலையை மடித்தாள். பக்கத்தில் இருந்த அத்தை எழுந்திருக்கக் கை கொடுக்கச் சொல்லி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அக்கா தரையில் கை ஊன்றாமல் எழுந்து, அத்தையையும் தூக்கிவிட்டாள்.