அண்ணே, அரிப்புக்கு ஒரு டியூப்



மழைக்காலம் வந்தால் எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதி தோலைப் பற்றியே இருக்கும். இந்த மாதம் வெள்ளானூர் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை. கனத்த பேன்ட், சேஃப்டி ஷூ, தகரக் கூரைப் புழுக்கம். தொடை இடுக்கில் படர்தாமரை. டீ ட்ரீ ஆயில் தடவலாமா, வேப்பெண்ணெயே போதுமா என்று கேட்கிறார்.

இரண்டும் ஒரே ஜாதி இல்லை, அம்மா. வேப்பெண்ணெய் விதையைப் பிழிந்து எடுப்பது. டீ ட்ரீ, கிராம்பு, எலுமிச்சைப்புல் தைலங்கள் நீராவியில் வடிப்பவை, காரம் அதிகம். அவற்றுக்குப் பூஞ்சையைக் கொல்லும் சக்தி உண்டு, அது வெறும் பாட்டி பேச்சில்லை. ஆனால் எந்த அளவுக்கு? ஆஸ்திரேலியாவில் சேற்றுப்புண்ணுக்கு டீ ட்ரீ எண்ணெயைச் சோதித்தார்கள். 1992இல் 10 சதவீதக் களிம்பில் அரிப்பு குறைந்தது, பூஞ்சை அவ்வளவாகப் போகவில்லை. 2002இல் 50 சதவீதக் கரைசல் பூசியவர்களில் 64 சதவீதம் பேருக்குப் பூஞ்சை நீங்கியது. மருந்தில்லாத கரைசலில் 31 சதவீதம். சிலருக்குத் தோல் அழற்சியும் வந்தது. பிரேசிலில் தேமலுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் 60 சதவீதம் பேரைக் குணமாக்கியபோது, கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து 80ஐத் தாண்டியது. பாதத்தின் தடித்த தோலில் பார்த்த கணக்கை இடுக்கின் மெல்லிய தோலுக்குப் போட முடியாது. நேராகத் தடவினால் எரிந்து புண்ணாகும்.

எண்ணெயைவிட எனக்குப் பயம் மெடிக்கல் கடை டியூப்தான். "அண்ணே, அரிப்புக்கு ஒண்ணு குடுங்க" என்றால் பல கடைகளில் நீட்டுவது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். வட்டத்தின் ஓரம் மறைந்து, மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். 2018இல் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது இப்படிப்பட்ட க்ரீம்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. பழக்கம் மட்டும் போகவில்லை. இதற்கிடையே டெர்பினாஃபைன் என்ற பூஞ்சை மருந்துக்கும் மசியாத ஒரு படர்தாமரைப் பூஞ்சை நம் நாட்டில் பரவிவிட்டது. 2020இல் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தவர்கள் ஜப்பானியர்கள்; அங்கே சிகிச்சைக்கு வந்த நேபாள, இந்திய நோயாளிகளிடமிருந்து எடுத்த பூஞ்சை அது.

சித்த மருத்துவர் சீமை அகத்திக் களிம்பு தருவார். அவர் பார்த்துத் தரட்டும், நாமாக வேண்டாம். உங்கள் கணவருக்கு இ.எஸ்.ஐ. கார்டு இருக்குமே, டிஸ்பென்சரியில் கேட்டு ஒரு தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். படை மறைந்ததும் மருந்தை நிறுத்தக் கூடாது. கணவரின் துண்டையும் உள்ளாடையையும் தனியாக வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரித்தால் அவரையும் கூடவே காட்டிவிடுங்கள். போகும்போது, இதுவரை தடவிய டியூப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். காலியானதையும்தான்.

அன்புடன்,
ஆசிரியர்