கிளம்பும், ஆனால் கிளம்பாது

திங்கட்கிழமை சாவியைத் திருப்பியதுமே உயிர் பெறுகிறது. செவ்வாய்க்கிழமை சத்தமே இல்லை. நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி, எப்படியோ ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால், அங்கே சமர்த்தாகக் கிளம்பிவிடுகிறது. டாக்டரைக் கண்டதும் இறங்கும் காய்ச்சல் மாதிரி. மெக்கானிக் உதட்டைப் பிதுக்குகிறார். "எதுக்கும் பேட்டரியை மாத்திடுங்க சார்."

பேட்டரி மாறுகிறது. அடுத்த மாதம் செல்ஃப் மோட்டார். அதற்கடுத்து காயில். பில் ஏறுகிறதே தவிர வியாதி அப்படியே இருக்கிறது. வெறுத்துப்போன சொந்தக்காரர் காயலான் கடைக்காரரிடம் விலை பேசுகிறார். நல்ல கார்கள் பல இப்படித்தான் கைமாறியிருக்கின்றன. பழுது என்னவோ, துருப்பிடித்த ஒரு போல்ட்டாக இருந்திருக்கும்.

மாருதி 800-ன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது; அம்பாசிடருக்கு அதே ஆண்டு மே மாதம். பத்மினி டாக்ஸி மும்பை சாலைகளிலிருந்து விடைபெற்றது 2023 அக்டோபரில். ஆனாலும் இந்த வண்டிகளை விட மனமில்லாதவர்கள் கொல்கத்தாவிலும் புனேயிலும் கோவையிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய சங்கடம், இன்றைய இளம் மெக்கானிக்குகள் கம்ப்யூட்டரைச் சொருகி நோய் கண்டுபிடிக்கப் பழகியவர்கள். கார்புரேட்டர் வண்டியில் சொருக இடமே இல்லை. காதால் கேட்டே சொல்லும் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் பட்டறையை மூடிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியவர் காரின் சொந்தக்காரர்தான்.

முதல் கேள்வி: கிளம்பாதபோது என்ன கேட்கிறது? ஒன்றுமே கேட்கவில்லையா, 'டக்' என்று ஒரே ஒரு சத்தமா, அல்லது செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? முதல் இரண்டும் கரண்ட் சமாசாரம். மூன்றாவதில் குற்றவாளி பெட்ரோல் அல்லது நெருப்புப்பொறி. இதைக்கூடக் கேட்காமல் ஸ்பானரை எடுக்கிற மெக்கானிக்கிடமிருந்து வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்வது உத்தமம்.

கரண்ட் சமாசாரத்துக்குக் காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் சுத்தமாகச் செத்துப்போனால் பேட்டரி காலி, அல்லது அதன் டெர்மினல் லூஸ். மோட்டாரே இறுகிப்போயிருந்தாலும் இப்படி ஆகலாம். வெளிச்சம் அசையாமல் நிற்க, செல்ஃப் மட்டும் மௌனம் சாதித்தால், கரண்ட் மோட்டாரைச் சென்றடையவில்லை. சாவி ஸ்விட்ச், சோலனாய்டு, தேய்ந்த கார்பன் பிரஷ், இன்ஜினின் எர்த் பட்டை ஆகிய நான்கில் ஒன்று.

இந்தக் கடைசி ஆசாமிதான் பலரையும் ஏமாற்றுகிறவர். இன்ஜின் ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்டைக் கடத்தாது. எனவே பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே பின்னிய செம்புப் பட்டை ஒன்று போட்டிருப்பார்கள். எண்ணெயும் சேறும் படிந்து, அதன் முனை பச்சை பூத்துக் கிடக்கும். அங்கே 0.05 ஓம் தடை இருந்தால் போதும். சாதாரண மீட்டரில் அது தெரியக்கூடத் தெரியாது. ஆனால் செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கப் பார்க்கும்போது, கணக்குப்படி 7.5 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். பேட்டரியில் இருப்பதே 12 சொச்சம். வேலை செய்ய மிச்சம் ஏது? லைட்டும் ஹாரனும் பாடியிலேயே எர்த் ஆவதால் அவற்றுக்கு ஒரு குறையும் இருக்காது. "ஹாரன் கணீர்னு அடிக்குது, அப்ப எர்த் நல்லாத்தான் இருக்கு" என்ற தீர்ப்பு தப்பாவது இதனால்தான். இன்னொரு துப்பு: பட்டை கெட்டால் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாகக் குறுக்குப் பாதை தேடும். சோக் கேபிள் சுட்டால் சந்தேகமே வேண்டாம்.

உறுதிப்படுத்த மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்து, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றி, இரு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினால் போதும். அப்படியே பேட்டரியையும் பார்த்துவிடலாம். ஓய்வில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி மீது சந்தேகப்படலாம்.

சோலனாய்டின் இரு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் இணைத்துக் கிளப்புகிற சாகசம் ஊரெங்கும் நடக்கிறது. வண்டி கியரில் இருந்தால் முன்னால் நிற்பவர் மீதே பாயும். நியூட்ரலும் ஹேண்ட்பிரேக்கும் இல்லாமல் அந்தப் பக்கம் போகவே கூடாது.

செல்ஃப் சுற்றியும் பிடிக்காத வண்டிக்குப் பருவநிலையே சாட்சி. மும்பையின் ஜூலை மாதக் காலைகளில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஈரம் கோத்திருக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் தீர்ந்தது. டெல்லியின் மே மாத மதியம் வேறு ரகம். நெடுந்தூரம் ஓடி நின்ற வண்டியில் பெட்ரோல் பம்ப் சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். பத்மினி டாக்ஸிக்காரர்கள் பம்ப்பின் மீது ஈரத்துணி சுற்றியது இதற்காகத்தான். காயிலும் சூட்டில் படுத்து, ஆறியதும் எழுந்துகொள்ளும். மெக்கானிக் வந்துசேர்வதற்குள் அது ஆறியிருக்கும் என்பதுதான் தொல்லை.

எனவே சோதனையை நின்ற இடத்திலேயே, சூட்டோடு சூடாகச் செய்ய வேண்டும். ஏர்ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் லீவரை ஒருமுறை அழுத்துங்கள். பெரும்பாலான கார்புரேட்டர்களில் பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சாவிட்டால் பம்ப், குழாய் பக்கம் போகலாம். பீச்சினால் மூடியைப் போட்டுவிட்டு, பெட்ரோல் வாடை அடங்கியபின் பொறியைப் பாருங்கள். கழற்றிய பிளக்கை, கார்புரேட்டரிலிருந்து தள்ளி, இன்ஜின் உலோகத்தில் படுமாறு வைத்து செல்ஃப் அடித்தால் நீலப் பொறி தெரிய வேண்டும். மஞ்சளாக மங்கினாலோ, ஒன்றுமே இல்லாவிட்டாலோ காயில், கன்டென்ஸர், பாயின்ட் என்று தேட வேண்டும்.

ஒவ்வொரு முறை மக்கர் செய்யும்போதும் தேதி, நேரம், வண்டி நின்று எத்தனை நிமிடம், வெயிலா மழையா, என்ன சத்தம் என்று டேஷ்போர்டில் ஒரு நோட்டில் எழுதிவைப்பது நல்லது. ஐந்தாறு வரி சேர்ந்ததும், "சூடாக இருக்கும்போது மட்டும்" அல்லது "மழைக்கு மறுநாள் மட்டும்" என்று ஏதோ ஒன்று பிடிபடும். எதுவுமே பிடிபடாத வண்டிகளில் சாவியைத் திருப்பிய நிலையில் லேசாக ஆட்டிப் பார்க்கலாம். முப்பது வருடம் திருகுப்பட்ட ஸ்விட்ச்சின் உள்ளே பித்தளை தேய்ந்திருக்கும்.