அரை நாள் கூலியா, ஓர் உயிரா?

தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரத்தச் சோகை! மேடைக்காகச் சொல்லும் மிகையல்ல இது. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தரும் புள்ளி: நூற்றுக்கு 48. வேடசந்தூர் நூற்பாலையில் சைடர் வேலை பார்க்கும் தங்கையும், நிலக்கோட்டைத் தோட்டத்தில் விடியுமுன் பூப்பறிக்கும் சகோதரியும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை.

சோகை என்றால் வெறும் களைப்பு என்று எண்ணிவிடாதீர், தோழர்களே! கர்ப்பிணிக்கு 100 மில்லி இரத்தத்தில் 11 கிராம் ஹீமோகுளோபின் வேண்டும். 7-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. மற்றொரு தாய் தாங்கிக்கொள்ளும் இரத்தப்போக்கு, இவளைக் கொன்றுவிடும். பிரசவ அறை வாசலில் நின்று இரத்தம் தேடி ஓடுவது நல்லதா? மூன்றாம் மாதத்திலேயே ஒரு துளி இரத்தத்தில் கண்டுபிடித்து மாத்திரை தருவது நல்லதா?

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளப் பெண்கள் கர்ப்ப காலத்தில் சோகையால் மடிவதேன் என்று ஆராய்ந்தார். காரணம் கிருமியல்ல, ஏழையின் சோற்றுத் தட்டு என்று கண்டார். அதில் இல்லாத சத்தை ஈஸ்ட் சாற்றின் மூலம் கொடுத்துக் குணப்படுத்தினார்; 1931-இல் உலகுக்கு அறிவித்தார். அந்தச் சத்துதான் போலிக் அமிலம். இன்று இரும்புச் சத்தோடு சேர்த்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்களே, அந்த மாத்திரையில் இருப்பது அதுவே!

மருந்து உண்டு. பரிசோதனையும் இலவசம். பிறகு தடை எது? கூலி!

முதல் பரிசோதனை 12 வாரத்துக்குள் நடக்க வேண்டும். சர்க்கரைப் பரிசோதனையை 24 முதல் 28 வாரத்துக்குள் மீண்டும் செய்ய வேண்டும். பிரசவ விடுப்புச் சட்டம் 1961-இல் வந்தது. 2017-இல் சம்பளத்தோடு 26 வாரமாக உயர்ந்தது. வரவேற்கிறோம். ஆனால் அந்த விடுப்பு பிரசவத்துக்கு 8 வாரம் முன்னால்தான் தொடங்க முடியும். அதாவது, பரிசோதனைக்குரிய மாதங்கள் கழிந்த பிறகு! அதுவரை ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் தினக்கூலிக்காரிக்கு இழப்பு நாள். வரிசையில் நிற்பதா, அடுப்பு எரிவதா என்று அவள் கணக்குப் போடுகிறாள்.

இந்தக் கஷ்டத்தை உணர்ந்தவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. வெறும் வயிற்றோடு வா என்றால் தூரத்துப் பெண் திரும்பி வரமாட்டாள். ஆகவே சாப்பிட்டு வந்தாலும் 75 கிராம் குளுகோஸ் கொடுத்து, 2 மணி நேரத்தில் இரத்தம் எடுத்துப் பார்க்கும் முறைக்கு அவர் வழிகாட்டினார். மருத்துவம் ஏழைக்காக வளைந்து கொடுத்தது. முதலாளியின் வருகைப் பதிவேடு வளைய மறுப்பதேன்?

ஆண் தோழர்களுக்கும் ஒரு சொல். தாயின் இரத்தம் ஆர்எச் நெகட்டிவ் என்றால் உங்கள் இரத்த வகையும் தெரிந்தாக வேண்டும். எச்ஐவி, மேகநோய்ப் பரிசோதனையைப் பெண்ணின் தலையில் மட்டும் கட்டாதீர். நீங்களும் கை நீட்டுங்கள். இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது என்பதை வீட்டில் சொல்லுங்கள். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும் முருங்கை, நம் வீட்டுச் சட்டிக்கும் வரட்டும்.

சங்கக் கூட்டங்களில் இனி இந்தக் கோரிக்கை ஒலிக்கட்டும்: பரிசோதனை நாளில் சம்பளத்தோடு அரை நாள்! ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உண்டு, தினக்கூலிக்கும் உண்டு என்று எழுதி வாங்குவோம். நாம் கேட்பது சலுகையல்ல; இரண்டு உயிர்களுக்கான உரிமை!