நேர்ல பேசிக்கலாம்ணே

யூடியூபில் வில்லுப்பாட்டு என்று தேடினால் திசையன்விளை, நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்துக் கோயில் கொடைவிழாக்கள் வரிசையாக வந்து விழும். சுடலைமாடன் கதை, முத்தாரம்மன் கதை, இசக்கியம்மன் கதை. வீடியோவுக்குக் கீழே குழுவின் பெயர் இருக்கும், 'தொடர்புக்கு' என்று செல்போன் எண் இருக்கும். ஓர் இரவுக்கு எவ்வளவு என்பது மட்டும் இருக்காது. கேட்டால், 'அதெல்லாம் நேர்ல பேசிக்கலாம்ணே.' தொகையை வெளியே போட்டால் கலை கடைச்சரக்காகிவிடுமாம். கொடைக் கமிட்டியும் அப்படித்தான் நம்புகிறது, பாடுகிறவர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள். இதைப் போல் கலைஞனின் வயிற்றில் அடிக்கிற நம்பிக்கை வேறில்லை.

யாரிடம் மறைக்கிறோம்? கொடை முடிந்ததும் வரவு செலவு வாசிப்பார்கள். பந்தலுக்கு இவ்வளவு, ரேடியோ செட்டுக்கு இவ்வளவு, வில்லுக்கு இவ்வளவு. தலைக்கட்டு வரி கொடுத்த அத்தனை பேருக்கும் தெரியும். மறுநாள் டீக்கடைக்கும் தெரியும். தெரியாதவர்கள் யாரென்றால் பக்கத்து ஊரில் குடம் அடிக்கிறவரும், இப்போதுதான் தனிக்குழு கட்டி வீசுகோலைக் கையில் எடுத்திருக்கும் பெண்ணும்தான். அவர்களிடம் கமிட்டி சொல்லும்: 'போன வருஷம் வந்தவங்க இதுல பாதிக்குப் பாடிட்டுப் போனாங்களே.' புளுகு என்று மனசுக்குத் தெரிந்தாலும் எதை வைத்து மறுப்பது? சித்திரை செவ்வாயும் ஆடி வெள்ளியும் போனால் அப்புறம் மாதக்கணக்கில் வேலை இல்லை. தலையை ஆட்டி அச்சாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு வேடிக்கை. இந்தக் கொடைகளுக்குப் பெரும்பணம் சென்னையிலும் மும்பையிலும் மளிகைக்கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களிடமிருந்து வருகிறது. உறையில் விலை அச்சடித்த சோப்பையும் சீப்பையும் விற்று முன்னுக்கு வந்தவர்கள் அவர்கள். வில்லடிக்கிறவர் தன் தொகையைச் சொன்னால் மட்டும் 'என்ன, யாவாரமா?' என்று முகம் சுளிக்கிறார்கள்.

அகில இந்திய வானொலி எத்தனையோ காலமாகக் கலைஞர்களை பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் பிரித்து, தரத்துக்குத் தகுந்த சன்மானம் கொடுத்து வருகிறது. அதில் பாடிய எந்த வித்வானின் மானமும் கப்பலேறவில்லை. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து, என்.எஸ்.கிருஷ்ணனிடம் வளர்ந்து, 2021இல் பத்மஸ்ரீ வாங்கிய வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் போன்ற ஒருவர் தொகையே பேசாமல் இருந்திருந்தாலும் கட்டுப்படியாகியிருக்கும். அவர் பெயரே பேரம் பேசிவிடும். பெயர் இல்லாதவருக்கு அந்த மௌனம் கட்டுப்படியாகாது.

தூரம், ஆள் எண்ணிக்கை, எத்தனை இரவு என்று தொகை மாறுமே என்பார்கள். மாறட்டும். வேன்காரரும் அப்படித்தான் வாங்குகிறார், கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிட்டு. பணக்காரக் கோயிலில் கூடுதலாகக் கேட்க முடியாமல் போகும் என்பது நியாயமான கவலை. பிரபலமான இரண்டொரு குழுவுக்கு அதில் நட்டம் வரத்தான் செய்யும். வசதியில்லாத கோயிலுக்குக் குறைக்க வேண்டுமென்றால் அதையும் எழுதியே போடலாம். இப்போது சலுகை ஏழைக் கோயிலுக்கா போகிறது? சத்தமாகப் பேசத் தெரிந்த நிர்வாகிக்குத்தான் போகிறது. நடுவில் நிற்கும் ஏஜெண்டு இரண்டு பக்கமும் வேறு வேறு தொகை சொல்வதற்கும் இந்த மறைப்புதான் வசதி.

சித்திரை வருவதற்குள் வீடியோவுக்குக் கீழே நாலு வரி சேர்த்தால் போதும்: ஓர் இரவுக்கு இத்தனை பேர், இவ்வளவு ரூபாய், வண்டிச் செலவும் சாப்பாடும் தனி, அச்சாரம் இவ்வளவு, மழை வந்து பாட்டு நின்றாலும் சம்பளம் உண்டு.