மிட்வேக்கு ரெடியா பைலட்ஸ்? அதுக்கு முன்னாடி நம்ம வங்கக்கடலை ஒரு ரவுண்டு வாங்க!

ஷிஃப்ட் முடிஞ்சு கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்து வீடு வந்து, சாப்பிட்டு, எல்லோரும் தூங்கியபிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுப்பவரா நீங்கள்? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்து, 'ராத்திரி பதினோரு மணிக்கு அப்படி என்னதான் பண்றான் இவன்?' என்று நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஃப்ளைட் சிமுலேஷன் என்பது பட்டனை அமுக்கிச் சுட்டுத்தள்ளும் கேம் இல்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே வரிசையாக சுவிட்சுகளைப் போட வேண்டும். காற்று எந்தப் பக்கம், எரிபொருள் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு என எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் ரன்வேயிலேயே கதை முடிந்துவிடும். சும்மா சென்னையிலிருந்து மதுரைக்குப் பறந்து பார்ப்பவர்களும் உண்டு. சரித்திரத்தில் நடந்த ஒரு வான்போரை, அதே விமானங்கள், அதே வானிலை, அதே நேரம் என்று மறுபடி நடத்திப் பார்ப்பவர்களும் உண்டு.

இந்த இரண்டாவது வகையினர் ஆவலோடு எதிர்பார்க்கும் பெயர், மிட்வே. 'ஐஎல்-2' வரிசை விளையாட்டுகளின் தயாரிப்பாளராக இருந்த ஜேசன் வில்லியம்ஸ், 'காம்பேட் பைலட்' என்ற புதிய சிமுலேட்டரை அறிவித்தபோது, பசிபிக் போரை எடுத்துக்கொண்டு மிட்வேதான் முதல் களம் என்றார். 1942 ஜூன் 4-ம் தேதி, பசிபிக் நடுவே ஒரு குட்டித்தீவுக்கு அருகில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய சண்டை அது. ஜப்பானின் நான்கு விமானம் தாங்கிக் கப்பல்கள் ஒரே சண்டையில் மூழ்கின. அவற்றில் மூன்றின் கதையை முடித்தது, காலை பத்தே காலுக்கு மேல் சில நிமிடங்களில் விழுந்த குண்டுகள்.

சரி, அமெரிக்கா - ஜப்பான் சண்டைக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் என்னங்க சம்பந்தம்? இருக்கிறது. மிட்வேயில் மூழ்கிய நான்கு கப்பல்களில் அகாகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்றும், அதற்கு இரண்டே மாதங்களுக்கு முன்பு இலங்கைக்கு அருகில், நம் பக்கத்துக் கடலில் நின்றவை!

மெட்ராஸ் காலியான ஏப்ரல்

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. பேர்ல் ஹார்பர் தாக்குதலை வானில் வழிநடத்திய அதே மிட்சுவோ ஃபுசிடாவின் தலைமையில், சுமார் 125 ஜப்பானிய விமானங்கள் காலை நேரத்தில் கொழும்புக்கு மேல் வந்தன. அதே நாளில் 'கார்ன்வால்', 'டார்செட்ஷயர்' என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கடலில் வைத்து மூழ்கடிக்கப்பட்டன. 424 பேர் இறந்தனர். மறுநாள் ஏப்ரல் 6, இன்னொரு ஜப்பானியக் கப்பல் அணியின் விமானங்கள் காக்கிநாடாவிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டன. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் விமானம் தாங்கிக் கப்பல், தளத்தில் ஒரு விமானம்கூட இல்லாத நிலையில் மாட்டிக்கொண்டு மூழ்கியது. 307 உயிர்கள் போயின. அந்தக் கப்பல் இன்றும் அங்கே கடலடியில் கிடக்கிறது.

'அடுத்தது மெட்ராஸ்தான்' என்ற பயம் ஊரையே காலி செய்தது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. பெட்டி படுக்கையோடு ஜனங்கள் ரயில் ஏறினார்கள். குண்டு விழுந்தால் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடுமோ என்று மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டே கொன்றார்கள். மெட்ராஸ்மேல் அன்று குண்டு விழவில்லை. அதனாலேயே அந்தக் கதையும் மெல்ல மறந்துபோனது. 1914-ல் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் 'எம்டன்', நம் பேச்சிலேயே ஒரு வார்த்தையாகத் தங்கிவிட்டது. 1942 அப்படி ஒரு வார்த்தையைக்கூட விட்டுவைக்கவில்லை.

போரின் தடயம் மட்டும் நம் மாவட்டத்தில் உண்டு. ரெட்ஹில்ஸ் தாண்டி கும்மிடிப்பூண்டி பக்கம் போகும்போது வரும் சோழவரம், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் இருந்த ஊர். போருக்குப் பிறகு அதில் கார், பைக் ரேஸ் நடந்தது. இருங்காட்டுக்கோட்டையில் தனியாக டிராக் வரும்வரை மெட்ராஸ்காரர்களுக்கு ரேஸ் என்றாலே சோழவரம்தான். கொழும்பில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே குதிரைப் பந்தயத் திடலை ஓடுதளமாக்கி, 'ஹரிக்கேன்' போர் விமானங்களை நிறுத்திவைத்தார்கள்.

கேமில் வராத மூன்று விஷயங்கள்

மிட்வே வரும்போது வரட்டும். அதுவரை சும்மா இருப்பானேன்? அதற்கு முந்தைய அத்தியாயமான இந்த ஈஸ்டர் சண்டையை நீங்களே அமைத்துப் பறக்கலாம். ஆனால், அதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு சண்டையைத் திரும்ப நடத்துவது என்றால் விமானத்துக்குச் சரியான பெயின்ட் அடிப்பது மட்டுமல்ல. அந்த நாளைத் தீர்மானித்த விஷயங்கள் பெரும்பாலும் கேமில் விடுபட்டுப் போகின்றன.

முதலாவது, காத்திருப்பு. ஏப்ரல் 4-ம் தேதி, காலியை ஒட்டிய கொக்கலவிலிருந்து ஒரு 'கேட்டலினா' கடல் விமானம் ரோந்து போனது. ஓட்டியவர் லியனார்டு பர்ச்சல் என்ற கனடாக்காரர். பல மணி நேரம் வெறும் கடலைப் பார்த்துக்கொண்டு பறந்து, மாலையில் ஜப்பானியக் கப்பல் கூட்டத்தைக் கண்டார். செய்தியை வயர்லெஸ்ஸில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டார். ஒன்பது பேர் கொண்ட குழுவில் ஆறு பேர்தான் மிஞ்சினார்கள். போர் முடியும்வரை அவர்களுக்குச் சிறைதான். ஆனால், அந்தச் செய்தியால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் முன்கூட்டியே கிளம்பித் தப்பின. அந்தச் சண்டையின் மிக முக்கியமான நாற்காலி எது தெரிகிறதா? எதிரி விமானம் ஒன்றைக்கூட வீழ்த்தாத நாற்காலி! கேமில் யாரும் அதில் உட்கார ஆசைப்பட மாட்டார்கள். போரடிக்கும்.

இரண்டாவது, சமமின்மை. முந்தைய நாளே செய்தி வந்தும், ரத்மலானை ஓடுதளத்துக்குக் கடைசி நேர எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தலைக்கு மேல் எதிரி விமானங்களைப் பார்த்தபிறகுதான் ஹரிக்கேன்கள் கிளம்பின. போர் விமானத்துக்கு உயரம் என்பது கையிலிருக்கும் பணம் மாதிரி. மேலே இருப்பவர், வேண்டும்போது அதை வேகமாக மாற்றிக்கொள்வார். கீழிருந்து ஏறுபவரிடம் செலவழிக்க ஒன்றுமே இருக்காது. போதாக்குறைக்கு ஜப்பானின் 'ஜீரோ' எடை குறைந்த விமானம். குறைந்த வேகத்தில் சுற்றித் திரும்புவதில் ஹரிக்கேன் அதன் கிட்டவே வர முடியாது. கூடவே சுற்றினால் இரண்டு, மூன்று சுற்றில் முதுகுக்குப் பின்னால் ஜீரோ நிற்கும். பாய்ந்து அடித்துவிட்டு நிற்காமல் கீழே ஓடுவதுதான் வழி. ஆனால், அதற்கும் முதலில் உயரம் வேண்டுமே! டார்ப்பிடோக்களைச் சுமந்துகொண்டு அந்த வழியே வந்த ஆறு 'ஸ்வார்டுஃபிஷ்' விமானங்கள், மெதுவாகப் பறக்கும் பழைய ரகம். ஆறுமே வீழ்ந்தன. ஆன்லைன் சர்வர்களில் இரு பக்கமும் சம எண்ணிக்கையில், சம உயரத்தில் ஆரம்பிப்பதை 'பேலன்ஸ்' என்போம். விளையாட அது நல்லதுதான். ஆனால், அன்று நடந்தது அதுவல்ல.

மூன்றாவது, கணக்கு. அன்று பிரிட்டிஷ் தரப்பு இருபதுக்கும் மேற்பட்ட விமானங்களை இழந்தது. ஜப்பான் இழந்தது 7. ஆனால், 'நாங்கள் வீழ்த்தினோம்' என்று பிரிட்டிஷ் தரப்பு அப்போது சொன்ன எண்ணிக்கை, அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. ஒரே விமானத்தை இரண்டு பேர் சுட்டிருப்பார்கள். புகையோடு இறங்கியது தப்பித்துப் போயிருக்கும். பார்த்த ஒரு நொடியில் முழு உண்மை தெரியாது. கேமில் மட்டும்தான் திரை ஓரத்தில் ஸ்கோர் தானாக ஏறும்.

மேலே இலக்கு, கீழே நம்ம ஷிஃப்ட்

இப்போது கொஞ்சம் கீழே பாருங்கள். கொழும்பில் குண்டு போட்டவர்கள் எதைக் குறிவைத்தார்கள்? துறைமுகம், எண்ணெய்த் தொட்டிகள், ரத்மலானையின் ரயில்வே பணிமனை. அதாவது, ஆட்கள் வேலை செய்யும் இடங்கள். அங்கொடையில் மனநல மருத்துவமனை மீதும் குண்டுகள் விழுந்தன.

எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்கள், அத்திப்பட்டு அனல் மின்நிலையம், கும்மிடிப்பூண்டி சிப்காட். நம் மாவட்டத்தின் இந்தக் கடலோரத்தை மேலிருந்து பார்த்தால், போர்க்காலத்தில் அத்தனையும் 'இலக்கு'தான். கீழே இருப்பவர்களுக்கு அது ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், கேன்டீன் சாப்பாடு. இந்தப் பகுதியில் வேலை பார்த்துக்கொண்டே சிமுலேட்டர் பறக்கிற உங்களுக்கு, பெரிய பெரிய கேம் கம்பெனிகளுக்கே இல்லாத ஒரு பார்வை இருக்கிறது. திரையில் வெடிக்கும் அந்த எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் யார் நின்றிருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

இது வெறும் பழங்கதை இல்லை. 2025 மே மாதம் இந்தியா - பாகிஸ்தான் மோதலின்போது, சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது நினைவிருக்கும். அதே நாள்களில் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்த 'போர்க் காட்சிகளில்' சில, வீடியோ கேமிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றை நம்ப வேண்டாம் என்று மத்திய அரசின் பிஐபி உண்மைச் சரிபார்ப்புப் பிரிவு சொல்ல வேண்டியிருந்தது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் 'கீவ் நகரின் பேய்' என்று உலகமெல்லாம் ஓடிய வான்சண்டை வீடியோ, 'டிசிஎஸ்' சிமுலேட்டரில் எடுத்தது. தத்ரூபம் கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும். உங்கள் அம்மாவுக்கோ மாமாவுக்கோ அந்த வித்தியாசம் தெரியாமல் போகலாம். உங்களுக்குத் தெரியும். கேமரா ஆடாமல் விமானத்தையே சுற்றிச் சுற்றி வருவதும், ஒரே மாதிரி பூக்கும் புகையும் உங்கள் கண்ணுக்கு உடனே பட்டுவிடும். குடும்ப குரூப்பில் 'இது கேம்' என்று முதல் ஆளாகச் சொல்வதும் பைலட் வேலைதான்!

நீங்களே நடத்திப் பார்க்க...

* விலை உயர்ந்த கம்ப்யூட்டர் தேவையில்லை. 2006-ல் வந்த 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக் 1946' பழைய லேப்டாப்பிலும் ஓடும். அதில் ஹரிக்கேன், ஜீரோ இரண்டும் உண்டு. சண்டையை நாமே வடிவமைக்கும் வசதியும் உண்டு. கூடவே வரும் வரைபடங்களில் இலங்கை இல்லை. வேறொரு வெப்பமண்டலத் தீவைக் கொழும்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

* சில ஆயிரம் ரூபாய் ஜாய்ஸ்டிக் போதும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்ப, 'ஓப்பன்டிராக்' என்ற இலவச மென்பொருளும் ஒரு வெப்கேமும் போதும். முதல் சம்பளத்திலேயே காக்பிட் செட் வாங்கிக் கடனாளி ஆகாதீர்கள்.

* ஆளைப் பிரிக்கும்போது ஒருவரைக் கேட்டலினாவில் உட்கார வையுங்கள். இன்னொருவர் பறக்கவே வேண்டாம். ரேடார் அறையில் இருக்கட்டும். அவர் சொல்லும் வரை ஹரிக்கேன்காரர்கள் தரையிலேயே காத்திருக்கட்டும்.

* ஒரு முறை அன்று நடந்தபடி, தாமதமான எச்சரிக்கையோடு பறந்து பாருங்கள். அடுத்த முறை பத்தே நிமிடம் முன்னதாக எச்சரிக்கை கொடுங்கள். வித்தியாசம் உங்களுக்கே புரியும்.

* முடிந்ததும், யார் எத்தனை வீழ்த்தியதாக நினைக்கிறார்கள் என்று முதலில் எழுதி வாங்குங்கள். அப்புறம் பதிவான கணக்கைப் பாருங்கள். சிரிப்பு நிச்சயம்!

* நைட் ஷிஃப்ட் முடித்த காலையில் மட்டும் வேண்டாம். தூக்கம்தான் முதல். போர் 80 வருஷத்துக்கு மேல் காத்திருக்கிறது, இன்னும் ஒரு நாள் காத்திருக்கும்.

மிட்வே சிமுலேட்டர் உங்கள் கைக்கு வரும் நாளில், அகாகியின் தளத்தை நோக்கி நீங்கள் செங்குத்தாகப் பாய்வீர்கள். பாயுங்கள், தப்பேயில்லை. ஆனால் அந்தக் கப்பலுக்குப் பயந்துதான் மெட்ராஸ் ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள் என்பது, உலகம் முழுக்க அதை விளையாடப்போகிற பலருக்குத் தெரியாது. ஹெட்செட்டில் கூடப் பறக்கும் நண்பருக்கு அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்வீர்கள்தானே?